ரேழியில் இருக்கும் டெலிபோன்

"டெலிபோனைப் பற்றி நீ கட்டுரை எழுதப் போகிறாயா? பேஷ்!" என்று என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள் நான். அதுவும் ஹிஸ்டரி குரூப். வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட இவரைத்தான் கூப்பிடுவேன். ஆனாலும் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுப் போனோடு மல்லுக்கு நின்றதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் குடும்பத்துப் பெண்களுக்கு இது உபயோகப்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி தில்லைநகரில், மூன்றாவது மாடியில். என் மாமியார் மட்டும் ஸ்ரீரங்கத்தில், மேல அடையவளஞ்சான் தெருவில், திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என்று நீளமாகப் போகிற பழைய வீட்டில். "பெருமாளை விட்டுட்டு மூணாம் மாடியில வந்து நான் என்ன பண்ணப் போறேன்? காக்காய்க்குச் சாதம் வெக்கக்கூட இடம் கிடையாது" என்பார். சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டோம். வாரத்தில் மூன்று நாள் நான் 1-ஆம் நம்பர் பஸ் பிடித்துப் போய் வருவேன். மற்ற நாட்களில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போன்தான் பாலம்.

செல்போன் வாங்கிக் கொடுக்காமல் இல்லை. வயதானவர்களின் விரல் நுனி வறண்டு போயிருக்கும். கண்ணாடியைத் தொட்டால் அது உணர்வதே இல்லை. தொடும்போது ஒன்றும் நடக்காது, தொடாதபோது யாருக்காவது கால் போய்விடும்! ஒரு தடவை அரிசி டப்பாவுக்குள்ளிருந்து அது அடித்தது. அதோடு சரி.

அம்மாவுக்கு (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) ரேழியில் மர ஸ்டாண்டில், பின்னல் துணி போர்த்தி வைத்திருக்கும் போன்தான் போன். மாமனார் எழுதிப் போட்டு, வருஷக் கணக்கில் காத்திருந்து, 1991-ல் கிடைத்த கனெக்ஷன் அது. வந்த அன்று தெருவில் பத்து வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்களாம்.

2022-ஆம் வருஷம் ஆடி மாதவாக்கில், செம்புக் கம்பி இனி சரிவராது, ஃபைபர்தான் என்று சொல்லி மாற்றிவிட்டார்கள். ரேழிச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். இன்டர்நெட் வழியாகப் பேசுவதற்கு முன்பெல்லாம் 'அடாப்டர்' என்று தனியாக ஒரு குட்டிப் பெட்டி வரும். இப்போது அது ஃபைபர் பெட்டிக்குள்ளேயே அடக்கம். பின்பக்கம் பார்த்தால் இன்டர்நெட் ஒயர் செருகுகிற துவாரங்களுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக, 'டெல்' என்றோ 'போன்' என்றோ எழுதிய ஒரு துவாரம் இருக்கும். பழைய போனின் ஒயரை அதில் செருகினால் பேசலாம். அதே போன், அதே நம்பர். மாறியது ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அம்மா மட்டும் முதல் நாளிலிருந்தே, "இது நம்மாத்து போன் இல்லைடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டால் பாதி நாள் எடுப்பதில்லை. கேட்டால், "அடிக்கவே இல்லையே. பக்கத்தாத்துல ஏதோ அடிச்சுண்டிருந்தது" என்பார். காது மந்தம் என்று இவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். வயதானவர்கள் எதைச் சொன்னாலும் அவர்கள் காதையும் கண்ணையும்தானே நாம் முதலில் குற்றம் சொல்கிறோம்!

அந்த வருஷம் நவம்பரில், பழுது பார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தை மூடினார்கள். திருச்சிக்காரர்களுக்கு அந்த நாலு மாதம் மறக்காது. பத்து நிமிஷத்தில் போகிற ஸ்ரீரங்கத்துக்கு பைபாஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வாரம் மூன்று நாள் போனவள் ஒரு நாள்தான் போக முடிந்தது. போன் பேச்சு அதிகமாயிற்று.

டிசம்பரில் ஒரு ஏகாதசி. அன்றைக்குப் பார்த்து ஸ்ரீரங்கத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தம். காலை ஒன்பதே முக்காலிலிருந்து சாயங்காலம் நாலு வரை. பேப்பரில் போட்டிருந்தார்கள். பத்தரை மணிக்கு நான் கூப்பிட்டேன். தொடர்பு கொள்ள இயலவில்லை என்று பதிவு செய்த குரல் வந்தது. 'கரண்ட் இல்லை, அதனால் போன் இல்லை' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிரைண்டரில் தோசைக்கு அரைக்கப் போனேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது.

அதே பத்தரை மணிக்கு அம்மா ரேழியில், ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சர்க்கரை வியாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஏகாதசி என்று ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். வேர்த்து விட்டிருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. என்னைக் கூப்பிடலாம் என்று வந்து ரிசீவரை எடுத்தால், உள்ளே சத்தமே இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார். எத்தனை தடவை என்று அவருக்கே ஞாபகமில்லை.

பூ கொடுக்க வந்தவள்தான் பார்த்து, எதிர் வீட்டு மாமியைக் கூப்பிட்டிருக்கிறாள். மாமி ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி கழித்து இன்னொரு தடவை கொடுத்து, அப்புறம் கஞ்சி கொடுத்து, பிறகுதான் என் செல்லுக்குப் பேசினாள். நான் ஆட்டோ பிடித்து, பைபாஸ் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து மாமியோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நான்தான் சொன்னேனே, இது நம்மாத்து போன் இல்லைன்னு."

(மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் விரதம் இருப்பதென்றால் டாக்டரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; அன்றைக்கு மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் சொல்வார். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே இறக்கம்தான். நினைவோடு இருப்பவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.)

மறுநாள் முதல் நான் இந்தப் பெட்டியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். சென்னையில் படிக்கிற என் மகன் பொறுமையாக விளக்கினான். நாம் பேசுவதைப் பெட்டி வாங்கி, பீன்ஸ் நறுக்குவது போல நறுக்குகிறதாம். பெரும்பாலும் ஒரு விநாடிப் பேச்சுக்கு 50 துண்டு. ஒவ்வொன்றிலும் விலாசம் ஒட்டி அனுப்பினால், அந்தப் பக்கத்தில் அவற்றை வரிசையாகச் சேர்த்து மறுபடி பேச்சாக்குகிறார்கள். சரி, கரண்ட் போனால் பழைய போன் எப்படி வேலை செய்தது? அங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது. செம்புக் கம்பியில் பேச்சோடு கூட எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரமும் வந்துகொண்டிருந்ததாம், சுமார் 48 வோல்ட். அங்கே பெரிய பெரிய பாட்டரிகள் வரிசையாக வைத்திருப்பார்கள். புயல் அடித்து ஊரே இருட்டானாலும் போன் மட்டும் உயிரோடு இருந்தது அதனால்தான். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். போனுக்கு வேண்டிய கரண்டை நம் வீட்டுப் பெட்டிதான் கொடுக்க வேண்டும்; பெட்டிக்கு நம் வீட்டு ப்ளக் கொடுக்க வேண்டும்.

"நம்மாத்துலதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்றார் இவர். இருக்கிறது. கூடத்து விளக்குக்கும் ஃபேனுக்கும்! ரேழி ப்ளக் அந்த லைனில் இல்லவே இல்லை. உங்கள் வீட்டிலும் இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டுப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் விளக்கு எரிகிறதா, ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வருகிறதா? அரை நிமிஷ வேலை.

நாங்கள் சின்னதாக ஒரு யு.பி.எஸ். வாங்கி மாட்டினோம். வைஃபை பெட்டிக்கென்றே தீப்பெட்டிக் கட்டு அளவில் கிடைக்கிறது. எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. வாங்குவதற்கு முன்னால் பெட்டியோடு வந்த கறுப்பு ப்ளக்கில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டும். எங்களுடையது 12 வோல்ட். இன்னொன்று: கார்ட்லெஸ் போன் வைத்திருப்பவர்கள், அதன் அடிப்பாகத்துக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒயர் போட்ட சாதாரண போன்தான் நல்லது.

அடுத்து ஃபைபர் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். லால்குடிப் பக்கம், 25 வயதிருக்கும். வந்ததும், "எல்லாம் கரெக்டாத்தான்மா இருக்கு. பச்சை லைட் எரியுது பாருங்க" என்று கிளம்பப் பார்த்தான். நான் ஒரு காப்பியைக் கையில் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் உக்காந்து பாட்டி போன் பண்றதைப் பாருப்பா" என்றேன். நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா ரிசீவரை எடுத்தார். காதில் வைத்து, முகத்தைச் சுளித்து, "சத்தமே வேற" என்றார். அப்புறம் நோட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி, ஒரு நம்பரைப் பார்த்து, ஒரு எண்ணை அழுத்தி, மறுபடி நோட்டைப் பார்த்து, விரலை அந்த வரியில் வைத்து, அடுத்த எண்ணை அழுத்தி... நாலாவது எண்ணுக்கும் ஐந்தாவது எண்ணுக்கும் நடுவில் போனில் ஒரு குரல் வந்து, எண் தவறு என்றது.

பையனுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான். பழைய எக்ஸ்சேஞ்ச் அம்மா எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் பொறுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டியோ ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு விநாடி இடைவெளி விழுந்தால், 'சரி, இவ்வளவுதான் நம்பர்' என்று அரைகுறையாக அனுப்பிவிடுகிறது. அந்த நாலு விநாடியை யாரோ எங்கேயோ, சின்ன வயசுக்காரர்களை மனசில் வைத்துத்தான் தீர்மானித்திருப்பார்கள்!

பையன் தன் செல்லில் 192.168.1.1 என்று போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, பெட்டியின் உள் பக்கத்தைத் திறந்தான். 'வாய்ஸ்' என்று ஒரு பகுதி. அதற்குள் எத்தனை கட்டங்கள்! என் பீரோவில்கூட அத்தனை அறை கிடையாது. (எல்லாக் கம்பெனியிலும் நம்மையே இதைத் திறக்க விடமாட்டார்கள். அவர்கள் ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். கேட்டால் செய்வார்கள், கேட்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.)

முதலில் அந்த இடைவெளியைப் பத்து விநாடி ஆக்கினான். அப்படியானால் முழு நம்பரையும் அழுத்தி முடித்த பிறகும் பத்து விநாடி காத்திருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். பையன் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான்! அதற்கும் வழி உண்டு. 'இப்படி ஆரம்பித்தால் இத்தனை எண்' என்று பெட்டியில் ஒரு வரி எழுதி வைக்கலாம்; அது நிறைந்ததும் தானே போய்விடும். 108, 112 இரண்டும் மூன்று எண்ணோடு உடனே போகும்படி இருக்கிறதா என்றும் அந்த வரியிலேயே பார்த்துக்கொண்டோம். (சரிபார்க்கிறேன் என்று அந்த நம்பர்களுக்கு விளையாட்டாகப் போன் செய்யாதீர்கள், யாரோ ஒருவர் நிஜமான அவசரத்தில் காத்திருப்பார்.) அப்படியும் போகாவிட்டால் கடைசியில் ஹேஷ் பித்தானை அழுத்தினால் உடனே போகும். அம்மா அதைச் 'சின்னக் கோலம்' என்கிறார். "எண்ணெல்லாம் முடிஞ்சதும் கோலத்தைப் போடணும், அவ்வளவுதானே?"

நோட்டில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. வீட்டுப் போனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட, முன்னால் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுவதும் விதி வந்துவிட்டது. அம்மாவின் நோட்டில் பாதி நம்பர் பூஜ்யம் இல்லாமல் பத்து எண்ணாக இருந்தன. அன்று மத்தியானம் உட்கார்ந்து சிவப்பு மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் பூஜ்யம் போட்டேன்.

இனி அந்த மணிச் சத்தம். பையன் கட்டங்களைத் தள்ளிக்கொண்டே போனவன், நாடு என்று இருந்த இடத்தில் நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டான். அதில் இந்தியா இல்லை! ஒவ்வொரு நாட்டுக்கும் போன் மணி ஒவ்வொரு தினுசாம். நம்முடையது இரண்டு குட்டை அடி, பிறகு இரண்டு விநாடி இடைவெளி, 'ட்ரிங் ட்ரிங்... ட்ரிங் ட்ரிங்' என்று. அமெரிக்காவிலோ ஒரே அடியாக இரண்டு விநாடி நீளமாக அடித்து, நாலு விநாடி மௌனம். ரிசீவரை எடுத்ததும் கேட்கிற டயல் டோனும் அப்படித்தான். நம்மூர் டோனில் லேசாக ஒரு நடுக்கம் இருக்கும், அவர்களுடையது வழவழவென்று ஒரே நீட்டாக இருக்கும். முப்பது வருஷமாக ஒரே மணியைக் கேட்டு எழுந்து வந்த மனுஷிக்கு, எங்கோ தொலைவில் நீளமாக ஒன்று அடித்தால் அது பக்கத்து வீடுதானே! காதில் ஒரு கோளாறும் இல்லை. பையன் நாட்டை மாற்றிப் பெட்டியை அணைத்துப் போட்டதும், தன் செல்லிலிருந்து கூப்பிட்டான். ட்ரிங் ட்ரிங். இரண்டாங்கட்டிலிருந்து அம்மாவின் குரல்: "யாராவது எடுங்கோ!"

அந்த ஐந்து மாதமாக அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை என்பது அப்போது எனக்கு நெஞ்சில் தைத்தது. இவரிடம் சாயங்காலம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வாக்கிங் போய்விட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் நடுவில் 'டுக்' என்று ஒரு ஒலி வருமே, கால் வெயிட்டிங், அதை எடுத்துவிடச் சொன்னேன். போன் கெட்டுவிட்டது என்று அம்மா வைத்துவிடுகிறார். கேட்கும் ஒலியைக் கொஞ்சம் கூட்டினோம்; ரொம்பக் கூட்டினால் பேசுகிறவருக்கே தன் குரல் எதிரொலிக்கும், ஆகவே அளவாக. வெளிநாட்டு அழைப்பைப் பூட்டி வைத்தோம். நியூஜெர்ஸியிலிருந்து நாத்தனார்தான் கூப்பிடுவாள், இங்கிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் வேறு யாராவது உள்ளே புகுந்து நம் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவதும் உண்டாம், பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது 'ஹாட்லைன்'. ரிசீவரை எடுத்துச் சும்மா வைத்திருந்தால் போதும், இத்தனை விநாடி கழித்துப் பெட்டியே ஒரு நம்பரைக் கூப்பிடும். அந்த டிசம்பர் காலையை நினைத்துப் பார்த்தேன். நடுங்குகிற கையால் நம்பர் அழுத்தவே வேண்டாம்! "அஞ்சு விநாடி வெச்சுடு தம்பி, என் செல் நம்பர்" என்றேன். கூடவே, அம்மா போனை எடுக்காவிட்டால் இருபது விநாடியில் அந்த அழைப்பு என் செல்லுக்கு வந்துவிடும்படியும் செய்யச் சொன்னேன். ஏற்பாடெல்லாம் முடிந்தது என்று திருப்தியாக வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து என் செல் ஓயாமல் அடித்தது. அம்மா போனைத் துடைக்க எடுத்தாலும் நான். ஒயர்ச் சிக்கலைப் பிரிக்க எடுத்தாலும் நான். முப்பது வருஷப் பழக்கம், ரிசீவரை முதலில் எடுத்துவிட்டு அப்புறம்தான் நோட்டைத் திறப்பார். கண்ணாடி போட்டு முடிப்பதற்குள் என் குரல் வந்துவிடும். "நான் கும்பகோணத்து மன்னியோட பேசணும்னு எடுத்தா நீ வரே. யாரோட பேசணும்னு போன் முடிவு பண்றதா, நான் முடிவு பண்றதா?" முதலில் எடுக்காமல் நோட்டை முதலில் திறங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதைவிட மோசம் மற்றது. மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கும்போது வந்த போன்களெல்லாம் எனக்கு வந்தன. மன்னி என்னிடம் பேசிவிட்டு, நான் வந்து அம்மாவிடம் சொன்னால், "அவ எங்கிட்ட சொல்ல வந்தது உனக்கெதுக்கு வரணும்?" என்று முகம் சிவந்துவிட்டது. எனக்கும் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே செய்கிறேன் என்று உரக்கவே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை, ஹாட்லைன் இருந்தும்!

அந்தச் சமயத்தில் என் மகன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்று சவ அடக்கத் தொழில் செய்த ஒருவர், தனக்கு வர வேண்டிய அழைப்புகளை எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டாராம். அந்த ஆத்திரத்தில்தான், நடுவில் ஆளே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார் என்கிறார்கள். "பாட்டி கோபப்பட்டதுல தப்பே இல்லைம்மா. உலகத்துல ஆட்டோமாட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்ததே அந்தக் கோபத்துலதான்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பைபாஸ் சுற்றிப் போனேன்.

இந்தத் தடவை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். எது வேண்டும், எது வேண்டாம்? அவர் யோசித்துத் தெளிவாகவே சொன்னார். எடுக்காத போன் யாருக்கும் போக வேண்டாம். மணி அடித்து ஓயட்டும், வேண்டியவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். தான் பேசிக்கொண்டிருக்கும்போது வருவது வேண்டுமானால் எனக்கு வரட்டும், "அப்போ நான் நன்னா இருக்கேன்னு உனக்கும் தெரியும்." ஹாட்லைன் இருக்கட்டும், ஆனால் அவசரப்படக் கூடாது. நோட்டைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, முதல் எண்ணை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். பதினொரு விநாடி. பையனுக்குப் போன் செய்து பதினைந்தாக மாற்றச் சொன்னேன். முதல் எண்ணை அழுத்திவிட்டால் ஹாட்லைன் குறுக்கே வராது.

மார்ச்சில் பாலத்தைத் திறந்தார்கள். மே மாத லீவில் வந்த நாத்தனாரின் பேரன், பெட்டியின் முதுகில் இருந்த ஊசித் துவாரத்தில் ஒரு குண்டூசியை விட்டு அழுத்திப் பார்த்தான். அவ்வளவுதான், எல்லாக் கட்டமும் பழையபடி காலி! மறுபடியும் நீள மணி, மறுபடியும் நாலு விநாடி. நல்ல வேளையாக, செய்த மாற்றங்களையெல்லாம் நாடு, எண்களின் இடைவெளி, ஹாட்லைன் விநாடி, கால் வெயிட்டிங் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். லால்குடித் தம்பி அதைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டான். துவாரத்தின் மேல் இப்போது ஒரு ப்ளாஸ்டர் ஒட்டியிருக்கிறது.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை பராமரிப்புக் கரண்ட் நிறுத்தம் வந்துபோய்விட்டது. அந்த நாட்களில் பத்தரை மணிக்கு நான் தவறாமல் கூப்பிடுகிறேன். இரண்டாங்கட்டிலிருந்து ரேழிக்கு அவர் வந்து சேர எட்டு, ஒன்பது மணி அடிக்கும். எண்ணிக்கொண்டே நிற்பேன்.

போன வாரம் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன். செல் அடித்தது, ஸ்ரீரங்கத்து நம்பர். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னம்மா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைடி. மன்னியைக் கூப்பிடலாம்னு எடுத்தேன். கண்ணாடி சுவாமி அறையில இருந்தது. அதைப் போய் எடுத்துண்டு வரதுக்குள்ள நீ வந்துட்டே." கொஞ்சம் நிறுத்தி, "வந்ததுதான் வந்தே, நீ போன வாரம் கொடுத்தியே அந்த மாகாளிக் கிழங்கு ஊறுகா, அதுல மோர் எப்போ விட்டே?" என்றார்.